கூடிப் பேசினால் ஆய்வாகுமா?

சீக்கியவியல் பேராசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் ஓரிடத்தில் கூட்டி ஆய்வுகளைப் பகிரச் செய்துவிட்டால் சீக்கியவியல் தழைத்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஒரு கருத்தரங்கு முடிந்தால் போதும், பல்கலைக்கழகமும் சமூகமும் கைகோத்தன என்ற பாராட்டு வந்துவிடும். எனக்கு அந்தக் கைகோப்பின் மீதுதான் சந்தேகம்.

நன்மை இல்லாமல் இல்லை. 1976இல் பெர்க்லியில் கூடியதும் 1987இல் டொராண்டோவில் கூடியதும் நல்ல நூல்களாக வந்தன. தன் துறையில் தன்னைத் தவிர ஆளில்லாத மாணவருக்கு, தன் கேள்வி புரிந்த நாலு பேரைப் பார்ப்பதே பெரிய பலம். இவ்வளவும் சரி.

ஆனால் அங்கே நடப்பது பகிர்வு; சோதனை அல்ல. இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கேள்வி, அதிலும் பாதி பாராட்டு. சோதனை நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கையெழுத்துப் படியின் கதையே போதும். அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகத்தில் 1245 என்ற எண்ணில் அது இருக்கிறது. ஆய்வாளர் பஷௌரா சிங் 1991இல் டொராண்டோவில் முடித்த ஆய்வேட்டில் அதை, ஐந்தாம் குருவான குரு அர்ஜன் 1604இல் சீக்கிய மறையான ஆதி கிரந்தத்தைத் தொகுத்து முடிக்கும் முன் உருவான வரைவாகக் கொண்டார். காலத்தால் பிந்தியது என்றார்கள் எதிர்த்தவர்கள். தாளையும் மையையும் குர்முகி எழுத்தின் வடிவையும் பார்த்து, இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டிய வழக்கு இது. நடந்தது வேறு. ஆதரித்தவர்கள் தனியே கூடினார்கள், எதிர்த்தவர்கள் தனியே கூடினார்கள். கண்டன நூல்கள் வந்தன. 1994இல் பஷௌரா சிங் சீக்கியர்களின் உயர் மத பீடமான அகால் தக்த் முன் நின்று மதத் தண்டனை ஏற்றார். இதே பாட வரலாற்றைப் பஞ்சாபியில் எழுதிய பியார் சிங்கின் நூலை, 1992இல் வெளியிட்ட குருநானக் தேவ் பல்கலைக்கழகமே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றது. அவரும் தண்டனைக்குத் தப்பவில்லை. சமூகத்தின் நன்கொடையும் கனடா அரசின் பணமும் சேர்ந்து உருவான வான்கூவர் சீக்கியவியல் இருக்கையில் இருந்த ஹர்ஜோத் ஓபராய், தன் நூல் கிளப்பிய எதிர்ப்புக்குப் பின் அதைவிட்டு விலகினார்.

மத பீடம் செய்ததற்குக் கருத்தரங்குகள் என்ன செய்யும் என்று கேட்பார்கள். அறிஞர்கள் தீர்க்காமல் விட்ட வழக்குதான் அங்கே போனது என்பேன். பஷௌரா சிங்கே பின்னாளில் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பேராசிரியராகி, சீக்கியவியல் கருத்தரங்குகளைக் கூட்டினார். அந்த மன உறுதியை மதிக்கிறேன். பாட ஆய்வு அதோடு நின்றுவிடவில்லை, குரிந்தர் சிங் மான் 2001இல் வெளியிட்ட நூல் உண்டு என்பதும் தெரியும். ஆனால் மாணவர்கள் படித்துக்கொண்ட பாடம் வேறு. நன்கொடையாளர்கள் முன்வரிசையில் இருக்கும் அரங்கில், நாளை வேலை தேட வேண்டியவர் கிரந்தத்தின் படிகளைத் தொடுவாரா? தலைப்பாகை, புலம்பெயர்வு, அடையாளம் என்று எவர் மனமும் நோகாத தலைப்புக்குப் போய்விடுவார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கூட்டியவர்களைச் சொல்வேன்.

அரங்கில் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பட்டியாலாவிலும் அமிர்தசரஸிலும் பஞ்சாபியில் எழுதுபவர்களின் வாதம் அந்த அரங்கை எட்டுவது அபூர்வம். 1984 ஜூனில் பொற்கோயில் வளாகத்து சீக்கிய ஆய்வு நூலகமே இல்லாமல் போன சமூகத்தில், மிஞ்சிய படிகளின் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டுக் கூடுவதைப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது?

அடுத்த கருத்தரங்கைக் கூட்டுபவர்கள் கட்டுரைகளை ஒரு மாதம் முன்பே, மறுப்பவர்களுக்கும் சேர்த்து அனுப்பட்டும். ஒரு நாளையாவது பஞ்சாபிக்கு ஒதுக்கட்டும். முதல் கேள்வியை மாணவர் கேட்கட்டும். நன்கொடையாளர்களைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லட்டும்.