எதையும் நம்பாத நிரல்

நிரல் எழுதுகிறவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் மெச்சும்போது வேகத்தைச் சொல்வார்கள், சுருக்கத்தைச் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கும் நிரலில் இவை இரண்டும் பெரிய விஷயமே இல்லை. அது ஓடப்போவது எல்லாம் கெட்டுப்போன பிறகு. இயங்குதளத்தின் கர்னல், தனக்குள்ளேயே பிழை புகுந்துவிட்டதைக் கண்டு, இனித் தொடர்வது ஆபத்து என்று முடிவு செய்கிறது. இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன், ஏற்கெனவே பதிவு செய்துகொண்ட டிரைவர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. டிரைவர் தன் சாதனத்தை ஒரு தெரிந்த நிலைக்குக் கொண்டுவரலாம். தன்னிடமுள்ள தடயத்தை ஒப்படைக்கலாம். இதைத்தான் கிராஷ் கால்பேக் என்கிறோம். கர்னல் எழுதும் கலையின் உச்சம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

விண்டோஸை எடுத்துக்கொள்வோம். நீலத்திரையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பின்னால் நடப்பது இது: கர்னல் மற்ற செயலிகளை உறையவைக்கிறது, தான் ஓடும் செயலியில் குறுக்கீட்டு நிலையை உச்சத்துக்கு ஏற்றிவிடுகிறது. இந்த நிலையில் அழைக்கப்படும் கால்பேக், புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது. நினைவகத்தின் கணக்கேடே கெட்டிருக்கலாம். எந்தப் பூட்டுக்காகவும் காத்திருக்கக் கூடாது. பூட்டை வைத்திருந்தவர் உறைந்துபோன இன்னொரு செயலியில் இருந்தால் அது திறக்கப்படவே போவதில்லை. வட்டுக்கு நகர்த்தப்படக்கூடிய பக்கங்களைத் தொடக் கூடாது; அவற்றைத் திரும்பக் கொண்டுவர இப்போது யாரும் இல்லை. மிருதங்கக்காரர் எங்கே கையை எடுக்கிறார் என்று கவனிக்கும் ரசிகரைப் போல, இங்கே எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது, அந்தப் பதிவின் அமைப்பு. டிரைவர் ஏறும்போதே கர்னலிடம் ஒரு சிறு பதிவைக் கொடுத்துவைக்கிறது. அழைக்க வேண்டிய செயற்கூறின் முகவரி, தகவல் எழுதும் இடத்தின் முகவரி, அந்த இடத்தின் நீளம், டிரைவரின் பெயர் இருக்கும் முகவரி ஆகிய நான்கும் அதில் உண்டு. நான்கையும் கூட்டிய தொகை செக்சம் என்ற பெயரில் கூடவே இருக்கும். பதிவுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். கர்னல் விழும்போது இந்தச் சங்கிலியை எப்படிக் கடக்கிறது என்பதை, விண்டோஸைப் பின்பற்றித் திறந்த மூலமாக எழுதப்பட்ட ரியாக்ட்ஓஎஸ்ஸின் நிரலில் யாரும் படிக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் போனதும் அதன் பின்சுட்டி, சற்றுமுன் கடந்துவந்த பதிவைத்தான் காட்டுகிறதா என்று பார்க்கிறது. காட்டவில்லையென்றால் சங்கிலியே அறுந்திருக்கிறது, அங்கேயே திரும்பிவிடுகிறது. சுட்டி சரியென்றால் நான்கு எண்களையும் மறுபடி கூட்டிப் பார்க்கிறது. தொகை ஒத்துவந்தால்தான் அழைப்பு. இல்லையென்றால் அந்தப் பதிவை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

வெறும் கூட்டல்தான். அதற்கு நினைவகம் வேண்டாம், பூட்டு வேண்டாம், வேறு யார் தயவும் வேண்டாம். இங்கே எதிரி திட்டமிட்டு ஏமாற்றுபவன் அல்ல, தற்செயலாக அழிந்துபோன சில பைட்டுகள். அதைப் பிடிக்கக் கூட்டல் போதும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அழைப்பதற்கு முன் 'தொடங்கியது' என்றும், திரும்பி வந்தபின் 'முடிந்தது' என்றும் பதிவில் நிலை குறிக்கப்படுகிறது. அழைப்பின் நடுவே இயந்திரம் மறுபடி விழுந்தால், எந்த டிரைவர் முடிக்காமல் நின்றது என்பது அந்தக் குறியில் அப்படியே தங்கிவிடும். தோல்விக்குள் வரும் தோல்விக்கும் இடம் ஒதுக்கி எழுதியிருக்கிறார்கள்.

விழுந்த நேரத்து நினைவகத்தை வட்டில் எழுதும் இடத்திலும் இதே மனநிலைதான். வழக்கமான வட்டு டிரைவரே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் அல்லவா? அதனால் விண்டோஸ், இயந்திரம் தொடங்கும்போதே அதன் இன்னொரு பிரதியை நினைவகத்தில் தனியாக ஏற்றி வைத்துவிடுகிறது. கர்னல் விழுந்தபின் அந்தப் பிரதிதான் நினைவகத்தின் படத்தை வட்டில் எழுதுகிறது.

லினக்ஸ் வேறு வழியில் போகிறது. அங்கே பேனிக் என்ற செயற்கூறுக்குள் ஒரே ஒரு செயலிதான் நுழையலாம். இரண்டாவதாக வருவது வாசலிலேயே நின்றுவிடும். வட்டில் எழுதக் காத்திருக்கும் தரவைக் கடைசி நேரத்தில் எழுதவும் கர்னல் முயல்வதில்லை. கெட்ட நினைவகத்திலிருந்து எழுதினால் வட்டிலுள்ள நல்ல கோப்பும் பாழாகும். இங்கேயும் கால்பேக் சங்கிலி உண்டு, நோட்டிஃபயர் என்பார்கள். ஆனால் லினக்ஸின் பெருமை கேடம்ப். 2005இல் வந்த 2.6.13 பதிப்பில் அது சேர்ந்தது. விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா மூவரும் அதே ஆண்டு அதைக் கட்டுரையாக எழுதி விளக்கினார்கள். இயந்திரம் நலமாக இருக்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இரண்டாவது கர்னல் ஒன்றை அதில் ஏற்றி வைக்கிறார்கள். முதல் கர்னல் விழுந்ததும் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை ஒரு கோப்பாக வாசிக்கிறது. முதல் கர்னல் தொடங்கிவிட்ட தரவுப் பரிமாற்றங்களைச் சாதனங்கள் இன்னும் நடத்திக்கொண்டிருந்தாலும், அந்த எழுத்து பழைய நினைவகத்தில்தான் போய் விழும். ஒதுக்கிய பகுதியைத் தொடாது. தனி இடம் ஒதுக்கியதன் அருமை இதில்தான் தெரிகிறது.

எது முதலில், கால்பேக்குகளா இரண்டாவது கர்னலா? லினக்ஸில் வழக்கமாக இரண்டாவது கர்னலுக்கே முதலிடம். மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பு உண்டு. ஆனால் சில கால்பேக்குகள் நிலைமையை இன்னும் மோசமாக்கலாம் என்று கர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. என் தீர்ப்பும் அந்த வழக்கத்தின் பக்கமே. விழுந்த கர்னலுக்குள் ஓடவிடும் ஒவ்வொரு வரியும், தடயத்தை இழக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரு டிரைவரிடமே கேட்டாக வேண்டிய செய்தி இருந்தால் மட்டும் அதைக் கூப்பிடலாம். அதுவும் விண்டோஸ் செய்வதுபோல் சரிபார்த்துக் கூப்பிட வேண்டும்.

சி மொழி ஓரளவு தெரிந்தவர்கள், லினக்ஸ் மூலநிரலில் பேனிக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். வரிகளைவிடக் குறிப்புரைகளை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொரு குறிப்பும் எங்கோ ஓர் இயந்திரம் விழுந்து கற்றுக்கொடுத்த பாடம். டிரைவர் எழுதுகிறவர்களானால், உங்கள் கால்பேக்கில் இன்னும் எதை நீக்கலாம் என்று இன்றே பாருங்கள்.