குரல் பெண்ணுக்கு, தோல் ஆணுக்கு?

கலை மனிதனை விடுதலை செய்யும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு உடனே திருச்செங்கோடு ஞாபகத்துக்கு வருகிறது. கலைக்குப் பஞ்சமில்லாத மண் எங்களுடையது. கும்மி உண்டு, ஒயில் உண்டு, விடிய விடிய அண்ணன்மார் கதை உண்டு. இதே மண்ணில்தான் 2015 ஜூனில், அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு வந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டு, பள்ளிப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த சாமியின் வாசலிலிருந்து கூட்டிப்போனார்கள். ஆகவே ‘நாட்டார் கலை’ என்ற சொல்லையே முற்போக்கின் மறுபெயராக வைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

சண்டைக்குச் சாட்சியாக நான் கூப்பிடுவது திண்டுக்கல் சக்தி கலைக்குழுவை. 1990இல் சிஸ்டர் சந்திரா என்ற கத்தோலிக்கத் துறவி தொடங்கியது. பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த, படிப்பைப் பாதியில் விட்ட இளம்பெண்கள் அங்கே தையலும் கற்கிறார்கள், பறையும் கற்கிறார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஒரு படமே எடுத்திருக்கிறார்.

எங்க பக்கம் பறைக்குத் தப்பட்டை என்று பேர். ஒரு கையில் குட்டைக் குச்சி, மறு கையில் நீளமான மெல்லிய குச்சி. தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றினால்தான் சத்தம் எழும். அதை அடிக்கத் தோளில் மாட்டி, காலை அகற்றி வைத்து, நிமிர்ந்து நிற்க வேண்டும். ‘அடக்கமா நில்லு’ என்று வீடு பதினைந்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் உடம்பு மறந்தால்தான் முதல் அடியே விழும். சக்தி குழுவின் அரசியல் பாட்டு வரிகளில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். வரிகளை யாரும் எழுதிக் கொடுத்துவிடலாம். என்னைக் கேட்டால் அரசியல் அந்த நிற்பில் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய எதிர்ப்பு உண்டு, லேசாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. தப்பட்டையைத் தூக்கிப் போடுவதே தலித் அரசியலின் முதல் அடியாக இருந்த ஊர்கள் நிறைய. ‘இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று சொன்னதற்காக வேலை மறுக்கப்பட்டவர்கள், அடி வாங்கியவர்கள் உண்டு. அப்பன் இறக்கி வைத்ததை மகள் ஏன் தூக்கணும்? தொண்ணூறுகளின் தலித் கலை விழாக்கள் பறையை எதிர்ப்பின் குறியாக மீட்டபோதும் இந்தக் கேள்வி முழுசாகத் தீரவில்லை.

எனக்குத் தோன்றுவது இது: அப்பன் இறக்கி வைத்தது ஒரு கட்டாயத்தை. மகளுக்கு அந்தக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. சாவு வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்டது ஒப்பாரி. குரல் பெண்ணுக்கு, தோல் ஆணுக்கு. ஆகவே அவள் பறையை எடுக்கும்போது ஊரின் ‘நீ அடிச்சே ஆகணும்’ என்பதும் உடைகிறது, வீட்டின் ‘நீ தொடக்கூடாது’ என்பதும் உடைகிறது. அப்பன் விட்டதும் மகள் எடுத்ததும் ஒரே மறுப்பின் இரண்டு பாதிகள்.

கடல் தாண்டியும் ஒரு தோல் இருக்கிறது. அமெரிக்க மலைநாட்டு வெள்ளையர் இசை என்று அறியப்படும் புளூகிராஸில் முதன்மையான பாஞ்சோ, ஆப்பிரிக்க அடிமைகளோடு கப்பலேறிப் போன கருவி. சுரைக்குடுக்கை, மேலே தோல், அதன்மேல் நரம்பு. முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் கேலி நாடகத்தில் அதை வாசித்தார்கள். பிறகு அது அவர்களுடையதே ஆகிவிட்டது. அதற்குள்ளும் பெண்கள் வழி வெட்டினார்கள். மேற்கு வர்ஜீனியா சுரங்கக் குடும்பத்தில் பிறந்த ஹேசல் டிக்கன்ஸ் நிலக்கரித் தூசி தின்ற நுரையீரலைப் பாடினார். 2009இல் பாஸ்டனில் உருவான ‘டெல்லா மே’ முழுக்கப் பெண்கள் குழு. 2012இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவர்களைப் பாகிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் அனுப்பியது. அதே அரசின் ஆளில்லா விமானங்கள் பாகிஸ்தான் எல்லையில் குண்டு போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பெண்கள் சேர்ந்து வாசிப்பது தன்னளவில் எதற்கும் உத்தரவாதமில்லை. யார் அனுப்புகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2019இல் ரியானன் கிடன்ஸ் உள்ளிட்ட நான்கு கறுப்பினப் பெண்கள் பாஞ்சோவோடு ஒரு இசைத்தொகுப்புக் கொண்டுவந்தபோதுதான் கருவியின் வரலாறு கருவியின் வாயாலேயே வெளியே வந்தது. இங்கே பறை ‘தமிழரின் ஆதி இசை’ ஆகி, சினிமா மேடையேறி, சாதிப்பெயரை மட்டும் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருகிறதே, அதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

இப்போது எங்க ஊருக்கு வருகிறேன். நாமக்கல், ஈரோடு, சேலம் கிராமங்களில் கடந்த சில வருஷங்களாக வள்ளி கும்மி பெருகியிருக்கிறது. முன்பு ஆண்கள் மட்டும் ஆடியது. அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரான கோவை பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நியாயமான மரியாதை. காட்டு வேலை முடித்துச் சாயங்காலம் கோயில் திடலுக்கு வந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்துக்கொண்டு அடி வைக்கும் அந்தப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதைக் கிண்டல் செய்கிற பெண்ணியம் எனக்கு வேண்டாம்.

ஆனால் அதே கும்மி மேடைகளில் ‘சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம்’ என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த ஒளிப்பதிவுகள் வெளிவந்தன. 2024 மக்களவைத் தேர்தலில், பழைய சாதிவெறிப் பேச்சு ஒன்று வெளிவந்ததால் ஒரு கட்சி நாமக்கல்லில் அறிவித்த வேட்பாளரையே மாற்ற வேண்டியதாயிற்று. கூத்து என்னவென்றால், ஆடப்படுவது வள்ளி கதை! தினைப்புனத்துக் குறவர் வீட்டுப் பெண், அப்பன் அண்ணனைக் கேட்காமல் வேற்று ஆளோடு போன கதை. ராத்திரி முழுக்க அந்த ஓட்டத்தைக் கொண்டாடிவிட்டு, முடிவில் ஓட மாட்டோம் என்று கையை நீட்டுகிறார்கள். பிரதி ஒன்று சொல்கிறது, வட்டத்தைக் கட்டுகிறவன் வேறொன்று சொல்கிறான். வட்டம்தான் ஜெயிக்கிறது.

திண்டுக்கல் வட்டமும் முழுசாகத் தப்பியதாகச் சொல்லமாட்டேன். தொண்டு நிறுவன மொழி, மகளிர் தின நிகழ்ச்சி, இருபது நிமிஷ மேடை என்று அதற்கும் அனுப்புகிறவர்கள் உண்டு. கல்யாணமான பிறகு எத்தனை பேர் கையில் குச்சி இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஆனாலும் அந்த வட்டத்தில் யாரும் யாரைக் கட்ட வேண்டுமென்று உறுதிமொழி கேட்பதில்லை.

நம் இலக்கியக் கூட்டங்களையும் இதில் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் பத்து நிமிஷம் பெண்கள் பறை. கைதட்டல், சால்வை. அப்புறம் அடித்த பெண்கள் பின்வரிசைக்குப் போய்விட, ஆண்கள் மூன்று மணி நேரம் விடுதலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அடுத்த முறை கூப்பிடுகிறவர்கள் அவர்களுக்கும் ஒரு அமர்வு ஒதுக்கட்டும். தோலைப் பற்றி, தாளத்தைப் பற்றி, குச்சியை முதலில் எடுத்த அன்று வீட்டில் நடந்ததைப் பற்றி அவர்களே பேசட்டும். பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையையே அவர்களுக்கும் கொடுக்கலாம்.