ஒன்பதாவது ஸ்லைடு

எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் ப்ரசன்டேஷன் பயிற்சி நடத்தினார்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும், கையைப் பாக்கெட்டில் விடக் கூடாது, ஒருத்தரையே பார்க்காமல் அறை முழுக்கக் கண்ணை ஓட்ட வேண்டும், ‘வந்து... வந்து...’ என்று இழுக்கக் கூடாது. எல்லாம் சரிதான், எனக்குக் கொஞ்சம் உதவவும் செய்தது. ஆனால் அந்த இரண்டு நாளில் ட்ரெய்னர் எங்களில் ஒருத்தரிடம்கூட ‘நீங்க என்ன சொல்லப் போறீங்க?’ என்று கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒரு பேனாவைப் பற்றிப் பேசச் சொன்னார். பேசினோம், கைதட்டல் கிடைத்தது.

இந்த மாதிரி வகுப்புகளுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. டேல் கார்னகி நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தது 1912-இல். அப்போது முதல் இந்தத் துறை பெரும்பாலும் ஒரே நோய்க்குத்தான் மருந்து விற்கிறது: கூட்டத்தைக் கண்டால் வரும் பயம். அலுவலகத்தில் நமக்கு இருப்பது அந்தப் பயம்தானா என்பது என் சந்தேகம்.

ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்வோம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பி 82 நொடி போல ஆனபோது, எரிபொருள் தொட்டியின் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, இந்த அடி ஆபத்தா இல்லையா என்று போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடைத்தான் எட்வர்ட் டஃப்டி பிற்பாடு சொல் சொல்லாகப் பிரித்து வாசித்தார். நல்ல விமர்சகர் கவிதையை வாசிப்பாரே, அப்படி.

தலைப்பு, படிக்கிறவரை ஆசுவாசப்படுத்தும் தொனியில் இருக்கிறது. கீழே புல்லட்டுக்குள் புல்லட், அதற்குள் இன்னொரு புல்லட். ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல் ஐந்து முறை வருகிறது. ஐந்து இடத்திலும் ஒரே அர்த்தம் இல்லை. கடைசி வரியில், சின்ன எழுத்தில், இரண்டு எண்கள்: மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்த 640-ஐ ஸ்லைடு சொல்லாது, படிப்பவர்தான் வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் வானத்திலேயே சிதறியது. 7 பேர் இறந்தார்கள், கல்பனா சாவ்லா உட்பட. அந்த ஆகஸ்டில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை டஃப்டியின் வாசிப்பை எடுத்துச் சொன்னதோடு, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடு உட்கார்ந்திருப்பதையும் கண்டித்தது.

வாசிப்பு அபாரம், தீர்ப்புதான் எனக்கு இடறுகிறது. டஃப்டி பெரும்பழியை பவர்பாயின்ட்மேல் போடுகிறார். 2004-இல் அமேசானும் உயர்மட்டக் கூட்டங்களில் ஸ்லைடை நிறுத்திவிட்டுப் பக்கக்கணக்கில் உரைநடை எழுதி வரச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் ஒளிக்க நினைப்பவனுக்கு உரைநடையில் இடமா இல்லை? தமிழில் அதற்கு மென்பொருளே வேண்டாம், ஒரு செயப்பாட்டு வினை போதும்.

நானே செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றின் பில்லிங் சிஸ்டத்தைப் புதியதற்கு மாற்றும் வேலை. சோதித்ததில் 12 பில்லுக்கு ஒன்று தப்பாக வந்தது. ஒன்பதாவது ஸ்லைடின் அடியில் ‘சில வேறுபாடுகள் கவனிக்கப்பட்டுள்ளன’ என்று எழுதினேன். யார் கவனித்தது? நான்தான். எத்தனை? தெரியும். இரண்டையும் அந்த ‘பட்டுள்ளன’ விழுங்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் மேனேஜர் ‘சூப்பரா போச்சு’ என்றார். நான் ஒரு இடத்தில்கூட இழுக்கவில்லை.

முதல் மாதமே பில்கள் தாறுமாறாகப் போய், விசாரணை வந்தது. ‘நாங்க சொல்லியிருக்கோமே, ஒன்பதாவது ஸ்லைடுல இருக்கு’ என்று திறந்து காட்டினேன். காட்டும்போதுதான் உறைத்தது: யாரும் படிப்பதற்காக அல்ல, பின்னால் ஒருநாள் இப்படிக் காட்டுவதற்காகத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறேன். போயிங்காரர்கள் என்ன நினைத்து அந்தக் கடைசி வரியைப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வரியைப் பற்றித் தெரியும்.

கொலம்பியா கதையில் ஸ்லைடைவிட என்னைத் தொந்தரவு செய்பவர் ராட்னி ரோச்சா. நாசா பொறியாளர். அடிபட்ட இறக்கையை விண்வெளியில் வைத்தே படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர். மறுத்துவிட்டார்கள். இது தவறான முடிவு என்று காட்டமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார், மேலிடத்துக்கு அனுப்பவில்லை. ஜனவரி 24 அன்று, ஆபத்தில்லை என்று முடிவான கூட்டத்தில் அவரும் இருந்தார், பேசவில்லை. தலைமை தாங்கியவர் எங்கோ உயரத்தில், நான் எங்கோ கீழே என்கிற மாதிரி பின்னாளில் அவரே சொன்னார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் வாய் மூடியிருக்கவில்லை. அவருக்கு எங்கள் ட்ரெய்னர் என்ன சொல்லித் தந்திருப்பார்? அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை அந்த அறையில் மேலே உட்கார்ந்தவருக்கும் உண்டு. அவருக்குக் ‘கேட்கும் பயிற்சி’ என்று இரண்டு நாள் வகுப்பு எந்த அலுவலகமும் வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ப்ராஜெக்டில் மறுபடி என் முறை வந்தது. முதல் ஸ்லைடில் ஒரே வரி: ‘இப்போதைக்கு இதைத் தொடங்க வேண்டாம், 20-இல் ஒன்று தப்பாக வருகிறது.’ முந்தின நாள் மாலை பார்த்துவிட்டு மேனேஜர், ‘இத முதல்லயே போடணுமாங்க? கொஞ்சம் பின்னாடி தள்ளிடலாமே’ என்றார்.

தள்ளவில்லை. பேசும்போது குரல் நடுங்கியது. ‘வந்து... வந்து...’ என்று நாலைந்து தடவை இழுத்தேன். யாரும் கைதட்டவில்லை. மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் மட்டும், ‘எந்த இருபது?’ என்று கேட்டார்.