எருமையைக் காட்டாத கை

ஒரு டிரெய்லரை வெட்டிய கை எப்படிப்பட்டது என்று பார்க்க நான் அதை மூன்று தடவை ஓட்டுவேன். முதல் தடவை எல்லாரையும் போல. அடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு. கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு. மட்டமான டிரெய்லர் இரண்டாவது ஓட்டத்திலேயே பல்லிளித்துவிடும். நல்ல டிரெய்லர் மூன்றாவதில்தான் பிடிபடும். எங்கே மூச்சு, எங்கே அடி, எந்த இடத்தில் சத்தத்தை மொத்தமாக அறுத்திருக்கிறார்கள் என்பதைக் காது சொல்லிவிடும்.

கபடியில் பாடிப் போகிறவருக்கு 30 நொடி. டிரெய்லருக்குக் கிடைப்பது கொஞ்சம் முன்னே பின்னே இரண்டு நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 2,880 ஃபிரேம், அவ்வளவுதான் ஆடுகளம். பழகிய நட்சத்திர முகத்துக்கு எட்டு ஃபிரேம் போதும், ஜனம் அடையாளம் கண்டு விசில் அடித்துவிடும். புது முகத்துக்கு ஒரு நொடியாவது நின்று கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் எல்லாவற்றையும் பீட்டுக்குப் பீட்டு வெட்டித் தள்ளுகிறவர்கள்தான் இப்போது அதிகம்.

இனி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த மூன்று டிரெய்லர் ஆட்டங்கள். கம்பம்மெட்டு ஏறினால் கட்டப்பனை. ஆனைகட்டி சோதனைச்சாவடி தாண்டினால் அட்டப்பாடி. வாளையாறு வழியாகப் பாலக்காடு போய்த் தெற்கே திரும்பினால் தேங்குறிச்சி. மூன்றும் நமக்குக் கைக்கெட்டும் தூரம். அங்கே பேசும் பேச்சிலும் கொஞ்சம் நம்முடையது கலந்திருக்கும்.

முதலில் ‘ஜல்லிக்கட்டு’. எஸ்.ஹரீஷின் சிறுகதையிலிருந்து லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்து 2019இல் வந்த படம். இடுக்கி மலையில், கட்டப்பனைப் பக்கம் படமாக்கியது. வெட்டுக்குக் கொண்டுவந்த எருமை தப்பி ஓடுகிறது, ஊரே பின்னால் ஓடுகிறது. கதை அவ்வளவே. படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கடிகார முள் நகர்வது போல ஒரு டிக். ஒரு ஜோடிக் கண் திறக்கிறது. அடுத்த டிக், இன்னொரு ஜோடிக் கண். நடுவில் தூங்குகிறவர்களின் மூச்சு. பிறகு கறிக்கடை விடிகிறது. கத்தி கட்டையில் விழும் சத்தமும், பையில் கட்டிய கறி கைமாறும் சத்தமும் தாளமாகச் சேர்கின்றன. தொகுப்பாளர் தீபு ஜோசப்பும் ஒலி வடிவமைத்த ரங்கநாத் ரவியும் ஒரே மூச்சில் ஆடிய ஆட்டம் இது. இசையமைத்த பிரசாந்த் பிள்ளை மனிதத் தொண்டைகளையே வாத்தியமாக்கினார்.

டிரெய்லர் வெட்டும்போது அந்தத் தொண்டைகளை விட்டுவிட்டு வேறு அதிரடி இசையை மேலே ஒட்டியிருக்கலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். இங்கே படத்தின் மூச்சையே டிரெய்லருக்கும் கொடுத்தார்கள். இருட்டு, டார்ச் வெளிச்சம், தீப்பந்தம், ஓடும் கால்கள். எருமை நின்று முகம் காட்டுவதில்லை.

வாடிவாசலில் நின்றவர்களுக்கு இது புரியும். மைக்கில் மாட்டின் பெயரும் ஊரும் சொல்வார்கள். கூட்டம் அந்தக் குறுகலான வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். மாடு இன்னும் கண்ணில் படவில்லை, ஆனால் தொண்டை வறண்டுவிட்டது. டிரெய்லர் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். கதவைத் திறப்பது தியேட்டரின் வேலை.

இதில் தொழில் சூட்சுமமும் உண்டு. படத்துக்காக இயந்திர எருமைகளைச் செய்து இயக்கினார்கள். எவ்வளவு குறைவாகக் காட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது உயிருள்ள விலங்கு. 1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது ஸ்பீல்பெர்க்கின் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸ் சுறாவை முடிந்தவரை மறைத்தார், ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரம் அதன் இடத்தை நிரப்பியது. அந்தத் தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது. குறையை மறைக்கப் போய்க் கண்டுபிடித்த ஆட்டமுறை அது. கட்டப்பனைக்காரர்கள் அதைத் தெரிந்தே ஆடினார்கள்.

இனி தேங்குறிச்சி. 2018 டிசம்பர் 14 அன்று வந்த ‘ஒடியன்’. வி.ஏ.ஸ்ரீகுமார் மேனன் இயக்கம். பாலக்காட்டுப் பக்கம் பாட்டிகள் சொல்லும் கதை: இரவில் மாடாக, மானாக உரு மாறி வந்து பயமுறுத்தும் ஒடியன். மோகன்லால் அதற்காக உடல் இளைத்தார், பீட்டர் ஹெயின் சண்டை அமைத்தார், சாம் சி.எஸ். பின்னணி இசை. டிரெய்லர் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்தது. மாஸ், மாயம், பழிவாங்கல் என்று எல்லாம் உச்ச ஸ்தாயியில். படம் வந்த அன்று கேரளத்தில் ஹர்த்தால், அப்படியும் விடியற்காலைக் காட்சிகளுக்கு ஜனம் திரண்டது.

உள்ளே இருந்தது வேறு படம். வயதாகி ஊர் திரும்பும் ஒருவனின் மெதுவான சோகக் கதை. நாயகனிடம் மஞ்சு வாரியர் கொஞ்சம் கஞ்சி எடுக்கட்டுமா என்று கேட்கும் இடம் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சமூக ஊடகங்களில் கேலிப் படங்கள் போட்டார்கள். இயக்குநரின் பக்கத்தில் வசவு குவிந்தது. நான் அந்தக் காட்சியைப் பிறகு தனியாகப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. பாலக்காட்டு வீட்டில் வந்தவரிடம் கஞ்சி வேண்டுமா என்று கேட்பதில் என்ன கேலி? கேட்ட நேரம்தான் தப்பாகப் போனது. டிரெய்லர் ஏற்றிவிட்ட சுருதியில் உட்கார்ந்திருந்த ரசிகனின் காதில் அந்த மெல்லிய வார்த்தை அபஸ்வரமாக விழுந்தது. கஞ்சிக் கிண்ணத்தை டிரெய்லரிலேயே ஒரு நொடி காட்டியிருந்தால் கேலி வந்திருக்காது என்பது என் கணிப்பு. முதல் நாள் கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் வந்தவர்கள் இந்தப் படத்துக்கென்றே வந்திருப்பார்கள்.

டிரெய்லர் வாக்குறுதியா? ‘ஃபேன்’ என்ற இந்திப் படத்தின் விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ரசிகை நுகர்வோர் மன்றம் போனார். மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விளம்பர டிரெய்லர் ஒப்பந்தம் ஆகாது என்றது. சட்டப்படி அது சரி. கலைக்கு அவ்வளவு சுதந்திரம் வேண்டும்தான். ஆனால் எடிட்டிங் மேசையில் இருக்கிறவர் அந்தத் தீர்ப்பைக் கவசமாக மாட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் கூலியைச் செலவழித்துக் குடும்பத்தோடு வருகிறவர் அவர் வெட்டியதைத்தான் நம்பி வருகிறார்.

மூன்றாவது ஆட்டம் அட்டப்பாடி, சச்சியின் ‘அய்யப்பனும் கோஷியும்’, 2020 பிப்ரவரி. மதுவிலக்கு இருக்கும் மலைக்குப் பாட்டில்களோடு கார் வருகிறது. ஓய்வு பெற்ற ராணுவக்காரனும் போலீஸ்காரரும் மோதுகிறார்கள். இதற்கும் வழக்கமான டிரெய்லர் உண்டு, நன்றாகவே இருந்தது. ஆனால் ஊரைத் தியேட்டருக்கு இழுத்தது இன்னொரு வீடியோ. அதில் அட்டப்பாடியின் இருளர் மூதாட்டி நஞ்சியம்மா தானே கட்டிய பாட்டைப் பாடுகிறார். படத்தில் நடித்த பிருத்விராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பை யாரும் அவசரப்பட்டு வெட்டவில்லை. மலையில் ஆடு மேய்த்த முகத்துக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார்கள். அதிலேயே படம் மொத்தமும் வந்துவிட்டது: பெரிய பெயர்கள் எதுவும் செல்லாத மலை, அங்கே பெயரை நம்பி வந்து மாட்டிக்கொள்ளும் ஒருவன். படம் வந்த நான்கு மாதத்தில் சச்சி இறந்துபோனார். 2022இல் அறிவித்த தேசிய விருதுகளில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதும், நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் கிடைத்தன.

அந்த வீடியோவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். பாட்டு முடிகிறது. கேள்வி வருகிறது. பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் அந்தச் சிரிப்பு.