சிவப்புப் பந்தும் சிறுவர் டென்னிஸும்

23.77 மீட்டர் நீளமுள்ள ஆடுகளத்தின் ஒரு கோடியில் ஆறு வயதுக் குழந்தையை நிறுத்தி, பெரியவர்களுக்கென்று செய்த 27 அங்குல மட்டையை அதன் கையில் திணித்து, பந்தைத் தவறவிடுந்தோறும் கடிந்துகொள்வதையே பயிற்சி என்று டென்னிஸ் உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் மஞ்சள் பந்து குறைந்தபட்சம் 135 சென்டிமீட்டராவது எழும்ப வேண்டும் என்பது விதி. அந்த வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவ்வளவு உயரம் இருப்பதில்லை. தலைக்கு மேலே போகும் பந்தை அடிக்கும் பிரயாசையில் பிடியும் கோணலாகி, உற்சாகமும் வடிந்துபோன எத்தனை குழந்தைகளுக்கு, 'திறமை போதாது' என்ற அபவாதம் அநியாயமாக வந்து சேர்ந்ததோ!

இந்த அநீதிக்குப் பரிகாரமாகவே சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2007-ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கி, மஞ்சள் பந்தைவிட முக்கால் பங்கு வேகம் குறைந்த சிவப்பு, பாதி குறைந்த ஆரஞ்சு, கால் பங்கு குறைந்த பச்சை என்ற மூவகைப் பந்துகளையும், சுமார் 11 மீட்டர் நீளத்தில் தொடங்கும் சிறு களங்களையும் பரப்பியது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை விலக்கியும் வைத்தது. முதல் நாளிலேயே இரண்டு குழந்தைகள் வலைக்கு மேலாகப் பந்தை நாலைந்து முறை மாற்றி மாற்றி அடிக்க முடிகிறதே, அந்த ஆனந்தம் எந்த ஆசிரியரும் ஊட்டக்கூடியதன்று.

கண்டிப்பின்றிச் சாம்பியன் உண்டா என்று கேட்பவர்கள் ஆந்த்ரே அகாஸியைக் காட்டுவார்கள். தந்தை வைத்த பந்து வீசும் இயந்திரத்தின் எதிரே குழந்தைப் பருவத்தைக் கழித்த அவர் எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றார் என்பது மெய். அந்த ஆட்டத்தையே வெறுத்ததாக 2009-இல் தம் சுயசரிதையில் எழுதியதும் மெய். அதே முறையில் வளர்ந்து பாதியில் மட்டையை எறிந்தவர்களின் சரித்திரத்தையோ யாரும் எழுதுவதில்லை.

ஆயினும் புதிய முறையின் பெயரால் நடப்பவை யாவும் சிலாக்கியமானவை என்று நான் சொல்லத் துணியேன். 'சர்வீஸ், மாறி மாறி அடித்தல், புள்ளிக் கணக்கு' ஆகிய மூன்றும் முதல் பாடத்திலேயே வரவேண்டும் என்பது அந்த இயக்கத்தின் மூலக் கொள்கையாயிருக்க, பயிற்சிக்கூடங்கள் பலவற்றில் குழந்தைகள் கூம்புகளைச் சுற்றி ஓடுகிறார்கள், வரிசையில் காத்து நிற்கிறார்கள், பந்தை மட்டும் அபூர்வமாகத் தொடுகிறார்கள். தோல்வி குழந்தையின் மனத்தைப் புண்படுத்தும் என்று புள்ளிக் கணக்கையே ஒழித்துவிடுவதும் பெரியவர்களின் பயமேயன்றி வேறல்ல, 'யார் ஜெயித்தது?' என்று முதலில் கேட்பது குழந்தைதான். குழந்தையை அஞ்சவைப்பது புள்ளியன்று, வேலிக்கு வெளியே நிற்கும் தகப்பனாரின் முகம். பிடியில் படிந்த பிழையைச் சிரித்த முகத்தோடு திருத்தாமல் விடுவது மற்றொரு குறை. பத்து வயதுக்குமேல் அதை மாற்றுவது பெருங்கஷ்டம்.

ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து, ஒரு குழந்தை எத்தனை முறை பந்தை அடிக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். பந்தின் வர்ணத்தையும் கட்டணத்தையும் பிறகு விசாரிக்கலாம்.