கரையே பாடநூல்

புவியியலையும் அறத்தையும் வெவ்வேறு பாடவேளைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த ஆழிப்பேரலை கல்முனைக்குடியை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. காலம் இருந்தது; அறிவு இருக்கவில்லை. நடுக்கமையத்துக்கு மிக அண்மையிலிருந்த சிமலுவே தீவினரோ, 1907ஆம் ஆண்டுப் பேரலை பற்றிய வாய்மொழி மரபினால் மேட்டுநிலமேறிப் பெரும்பாலும் உயிர்தப்பினர்.

எனினும் அறிவு மட்டும் போதாது. பேரலை இயற்கையின் செயல். தெற்கே ஒலுவிலில் நேர்ந்த கரையரிப்போ மனிதர் செயல். 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்பணைகள் வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. வடபுறத்துத் தென்னங்காணிகளைக் கடல் கொண்டது. மணல் ஏன் தடைப்பட்டது என்பது புவியியல். இழப்புக்கு யார் பொறுப்பு என்பது அறம். பூமியை அமானிதம் எனப் போதிக்கும் ஆசிரியர், இவ்விரு வினாக்களையும் கரையில் நின்றே ஒருங்கெழுப்புதல் வேண்டும்.