புட் வரிசையும் ஒரு வார்த்தை அர்த்தமும்

2006-ல் நான் பண்ணின ஒரு தப்பிலிருந்து இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன். ராத்திரி பத்தரை மணி, வாடிக்கையாளரோடு கான்ஃபரன்ஸ் கால். அவர்கள் தரவேண்டிய ஒரு பகுதி தயாராக வெள்ளிக்கிழமை ஆகுமாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: ‘கேன் யூ புட் அப் வித் தி ஓல்ட் பில்ட் டில் ஃப்ரைடே?’ நான் ‘யெஸ், ஷ்யூர்’ என்றேன். வைத்தவுடனே பழைய பில்டை எடுத்து, எல்லோரும் பயன்படுத்தும் டெஸ்ட் சர்வரில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். ஏற்றும்போது டேட்டாபேஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக உருவாக்கும் ஸ்கிரிப்ட் அது. இரண்டு நாளாக ஒருத்தர் உட்கார்ந்து உள்ளிட்ட சோதனைத் தரவு மொத்தமும் போச்சு.

அவர் கேட்டது ‘வெள்ளி வரைக்கும் பழையதை வச்சுச் சமாளிச்சுப்பீங்களா?’ என்று. என் காதில் விழுந்தது ‘பழையதைப் போட்டு வைக்கிறீங்களா?’ என்று.

வேடிக்கை என்னன்னா, ‘புட் அப் வித்’ எனக்குத் தெரியாத சொல் இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினது. புட் அப் வித் என்றால் டாலரேட், பொறுத்துக்கொள், ஒரு மார்க். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். போனில் கேட்டபோது மட்டும் தெரியவில்லை.

ஏன் அப்படிக் கேட்டது என்று பிறகு யோசித்ததில் ஒரு காரணம் பிடிபட்டது. அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் தினமும் காதில் விழுந்த சொல் ‘ஃபைலைப் புட் அப் பண்ணணும்’. கோப்பைக் குறிப்பெழுதி மேலதிகாரியின் மேசைக்கு அனுப்புவது. அது வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் ஆங்கிலம், இன்றும் நம் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. எனக்குள்ளே ‘புட் அப்’ என்றால் ‘எடுத்துக் கொண்டுபோய் முன்னால் வை’ என்ற படம் ஆழமாகப் பதிந்திருந்தது. பள்ளிக்கூடத்து ஒரு மார்க் சொல்லோடு எந்தப் படமும் சேரவில்லை. அவசரத்தில் படம் இருந்ததுதான் ஜெயித்தது.

போன மாதம் ஏழாவது படிக்கிற மகள் ஒரு கைடைக் கொண்டுவந்து காட்டினாள். அதே அட்டவணை, இடது பக்கம் புட் ஆஃப், வலது பக்கம் ஒத்திவை. புட் ஆன், அணிந்துகொள். புட் அவுட், அணை. புட் அப் வித், பொறுத்துக்கொள். இப்படி நாற்பது வரி. தலைப்பு ‘புட் உடன் வரும் வினைகள்’. அடுத்த பக்கம் டேக், அதற்கடுத்து கெட். தாள் வழுவழுப்பாகியிருக்கிறது, உள்ளே ஒன்றும் மாறவில்லை. கைடின் பெயர் வேண்டாம். எதை எடுத்தாலும் இப்படித்தான்.

(ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எனக்கு நேர்ந்த கோளாறு காதில்தான், கண்ணில் இல்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.)

இது கஷ்டமான விஷயம் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றுகிற இந்த வழக்கம்தான் வெளிநாட்டாருக்கு ஆகப் பெரிய சிரமம் என்று எழுதிவிட்டார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் வந்தது ரொம்பப் பிற்பாடு. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் தன் புத்தகத்தில் பயன்படுத்தினார். பெயரைச் சொல்லிக் கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஹென்றி பிராட்லி என்று அவரே குறிப்பிடுகிறார்.

சரி, அந்த அட்டவணையில் என்ன தப்பு? ஒவ்வொரு வரியும் சரிதான். புட் ஆஃப் என்றால் ஒத்திவைப்பதுதான். ஆனால் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை என்று நிறுத்தும்போது, உள்ளே இருக்கிற இயக்கம் காணாமல் போகிறது.

‘ஒத்திவை’ யார் வீட்டில் பேசுகிறார்கள்? ‘கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டாங்க’ என்றுதான் சொல்கிறோம். தள்ளி, போடு. ஆஃப் என்பது விலகி அப்பால் போவது, புட் என்பது போடு. ஆங்கிலக்காரர் சொல்வதும் அதே படம்தான். ‘ஒத்திவை’ என்பதிலும் ஒரு ‘வை’ ஒளிந்திருக்கிறது. போஸ்ட்போன் லத்தீனிலிருந்து வந்தது; போஸ்ட் என்றால் பின்னால், போனெரே என்றால் வை. இப்படி எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, கைடு அந்த ஒற்றுமையைக் காட்டாமல் சமன்பாடு மட்டும் கொடுக்கிறது. ‘அந்த வாடை என்னைப் புட் ஆஃப் பண்ணிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் கைடு படித்த பிள்ளை ‘வாடை என்னை ஒத்திவைத்தது’ என்று முழிக்கும். தள்ளிப் போடுகிற படம் மனதில் இருந்தால், அங்கே தள்ளப்பட்டது தேதி, இங்கே தள்ளப்பட்டது ஆள் என்று தானே பிடிபடும்.

‘புட் ஆன்’ இன்னும் சுவாரசியம். கைடில் ‘அணிந்துகொள்’ மட்டும். ஆங்கிலத்தில் சட்டையைப் புட் ஆன், கண்ணாடியைப் புட் ஆன், லைட்டைப் புட் ஆன், பாட்டைப் புட் ஆன், பிரேக்கைப் புட் ஆன், உடம்பில் எடையைப் புட் ஆன், மேடையில் நாடகத்தைப் புட் ஆன், இல்லாத பாவனையைப் புட் ஆன். இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள். சட்டை போடு, கண்ணாடி போடு, லைட் போடு, பாட்டு போடு, பிரேக் போடு, வெயிட் போட்டுட்டே, நாடகம் போடு, வேஷம் போடாதே. எட்டுக்கு எட்டு! இதை முதலில் கவனித்த ராத்திரி நான் எழுந்து போய் இரண்டு அகராதிகளைப் புரட்டிச் சரிபார்த்தேன், ஏதோ தப்பாகத் தோன்றுகிறதோ என்று. தோன்றவில்லை. அத்தனையும் வழக்கில் இருக்கிறது. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த எட்டு வழக்குகளில் ஒன்றை மட்டும், அதுவும் அவள் வாயில் வராத ‘அணிந்துகொள்’ வடிவத்தில் கொடுத்துவிட்டு, மீதி ஏழை அட்டவணை மூடி வைத்திருக்கிறது.

உடனே ‘ஆஹா, தமிழும் ஆங்கிலமும் ஒண்ணு’ என்று கிளம்பிவிட வேண்டாம். டீ போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். அங்கே புட் வராது. ‘புட் தி ஃபேன்’ என்று நாம் சொல்வது ‘ஃபேனைப் போடு’ அப்படியே இறங்கியதுதான், ஆன் விட்டுப்போச்சு. தமிழில் போடு ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அந்தக் குட்டிச் சொல் இல்லாவிட்டால், ஃபேனை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். எங்கே ஒத்துப்போகிறது, எந்த இடத்தில் முறிகிறது என்று இரண்டையும் காட்டினால்தான் பாடம். கைடு இரண்டையும் காட்டுவதில்லை.

இன்னொன்று அட்டவணையில் வரவே முடியாத விஷயம்: இடைவெளி. ‘புட் ஆஃப்’ என்று ஒரே கட்டியாக அச்சடித்திருக்கிறது. பேச்சில் அது அப்படி வருவது குறைவு. ‘புட் இட் ஆஃப்’, ‘புட் தி ஹோல் ரிலீஸ் ஆஃப்’ என்று நடுவில் பிரிந்து நிற்கும். ‘இட்’ மாதிரி சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் வரணும், ‘புட் ஆஃப் இட்’ என்றால் தப்பு. ஆனால் ‘புட் அப் வித்’ பிரியாது. ‘புட் அப் வித் இட்’தான். நமக்கோ இது தலைகீழ். தள்ளி, எடுத்து, சேர்த்து என்று திசை சொல்கிற பகுதி முன்னால் வந்து, வினை கடைசியில் உட்காரும். தள்ளிப் போடு, எடுத்து வை, எழுதி வை. தமிழ்க் காது வாக்கியத்தின் கடைசிக்காகக் காத்திருக்கப் பழகியது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வந்து நிற்பது ஒரு ஆஃப், ஒரு அப். அது அசட்டையாக விட வேண்டிய ஒட்டு இல்லை, பாதி அர்த்தமே அங்கேதான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 2006-ல் நான் கோட்டைவிட்டது அந்தக் கடைசித் துண்டு ‘வித்’தை.

ஆராய்ச்சிக்காரர்கள் ‘தவிர்த்தல்’ என்று ஒன்றைச் சொல்கிறார்கள். டாகட்டும் லாஃபரும் 1985-ல் எழுதிய கட்டுரையில், ஹீப்ரு பேசும் மாணவர்கள் இந்தக் கூட்டுவினைகளை விட்டுவிட்டு ஒற்றைச் சொல்லையே நாடுவதாகக் காட்டினார்கள். ஹீப்ருவில் இப்படி ஒரு அமைப்பு இல்லை. 1989-ல் ஹுல்ஸ்டைனும் மார்செனாவும் டச்சு மாணவர்களைப் பார்த்தார்கள். டச்சில் இந்த அமைப்பு உண்டு, அதனால் மொத்தமாக ஒதுக்கவில்லை. ஆனால் அச்சு அசல் டச்சு மாதிரியே இருந்த சிலவற்றை, இது ஆங்கிலமாக இருக்காதோ என்று சந்தேகப்பட்டு ஒதுக்கினார்களாம்! நம் ஆபீஸ் மெயில்களைப் பாருங்கள், போஸ்ட்போன், டாலரேட், டிஸ்கண்டினியூ என்று கலெக்டர் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். ப்ரீபோன் கூட இந்தப் பழக்கத்தின் பிள்ளைதான் என்பது என் ஊகம். (அந்தச் சொல்லைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவைக்குப் பிறந்த நல்ல சொல்.)

எத்தனை கற்க வேண்டும் என்பதிலும் கைடு கோட்டை விடுகிறது. கார்ட்னரும் டேவிஸும் 2007-ல் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற பெரிய உரைத்தொகுப்பை அலசியதில், 20 வினைகளும் 8 குட்டிச் சொற்களும் சேர்ந்த கூட்டுகளே மொத்த உபயோகத்தில் பாதிக்கு மேல் என்று தெரிந்தது. ஆனால் அடிக்கடி வரும் முதல் 100-க்கும் சராசரியாக 5.6 அர்த்தங்கள். 2015-ல் கார்னியரும் ஷ்மிட்டும் 150 கூட்டுகளை எடுத்து, உண்மையில் அதிகம் புழங்கும் அர்த்தங்களை மட்டும் வடிகட்டினார்கள்; ஒவ்வொன்றுக்கும் சராசரி இரண்டுதான் நின்றது. அகராதி எல்லா அர்த்தத்தையும் கொட்டுகிறது, கைடு ஒன்றோடு நிறுத்துகிறது. நாற்பது வரியில் ஒரு அர்த்தத்துக்குப் பதில், பத்து வரியில் இரண்டு அர்த்தமும் நாலு வாக்கியமும் கொடுத்திருந்தால் தாள்கூட மிச்சம்.

20-ம் 8-ம் என்றதும் இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? 160 கட்டங்கள் உள்ள ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று போட்டேன். அப் என்றால் மேலே, நிறைவு. அவுட் என்றால் வெளியே. ஆஃப் என்றால் விலகல் என்று விதி எழுதி, கட்டங்களை நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். ‘ஈட் அப்’ அழகாக ‘சாப்பிட்டுடு’ என்று உட்கார்ந்தது. மூன்றாவது நாள் ‘ஆஃப்’ பத்தியில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் போனால் லைட் கோஸ் ஆஃப். அலாரம் அடித்தாலும் கோஸ் ஆஃப். ஒன்று அடங்குகிறது, மற்றது கத்துகிறது. ‘அவுட்’டும் அப்படியே: நட்சத்திரம் கம் அவுட் ஆனால் தெரியும், விளக்கு கோ அவுட் ஆனால் தெரியாது. இருந்த நிலையிலிருந்து கிளம்பிப் போவதுதான் பொது என்று ஒரு விளக்கம் சொல்லலாம், எனக்குமே அது பாதிதான் திருப்தி. ‘அணை’ என்று நாம் கட்டிப்பிடிக்கவும் சொல்கிறோம், விளக்கை நிறுத்தவும் சொல்கிறோம். எந்தத் தமிழனும் குழம்பியதில்லை. இணையத்தில் ‘எட்டுச் சொல் கற்றால் எல்லா ஃப்ரேசல் வெர்பும் உங்கள் வசம்’ என்று கூவுகிற பதிவுகளையும் அதனால் நம்ப முடியவில்லை. அதுவும் அட்டவணைதான், பக்கவாட்டில் திருப்பிப் போட்டது.

எந்த அட்டவணையும் இல்லாமல் நாம் கற்றவையும் இருக்கின்றன. லாக் இன், லாக் அவுட், ரோல் பேக், சைன் அப்: எந்த ஜூனியரும் இவற்றைக் குழப்பி நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்த்துக் கற்றார்கள். சினிமா கொடுத்த கெட்டப், மேக்கப், பேக்கப், பேச்சில் பில்டப், செட்டப் எல்லாமே இந்த வகைதான், பெயர்ச்சொல்லாக உறைந்து தமிழாகிவிட்டன. ‘ரொம்ப பில்டப் குடுக்காதே’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘பில்ட் அப்’ புரிய வைக்க ஒரு நிமிஷம் போதும்.

மகளோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினோம். அர்த்தப் பத்தியை அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நடக்கிற ஒன்று. புட் அவே என்றால் மடித்த துணியை பீரோவில் எடுத்து வைப்பது. புட் அப் வித்-க்கு அவள் எழுதியது மாடி வீட்டில் நடக்கிற டிரில்லிங் சத்தம். இருபதுக்கு மேல் போக முடியவில்லை, மீதியை விட்டுவிட்டோம்.

போன வாரத் தேர்வில் கோடிட்ட இடம்: மழையால் மேட்ச் புட் டேஷ். அவள் ‘பேக்’ என்று எழுதியிருக்கிறாள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் தேதியைப் புட் பேக் பண்ணுவது என்றால் தள்ளிப் போடுவதுதான், எந்த நல்ல அகராதியிலும் இருக்கிறது. சிவப்பு மையில் அடித்து ‘ஆஃப்’ என்று எழுதி, மார்க் கழிக்கப்பட்டிருந்தது. அகராதியைக் காட்டி மிஸ்ஸிடம் கேளு என்றேன். ‘வேணாம்ப்பா, கைடுல ஆஃப்தான் இருக்கு’ என்றாள்.

அடுத்து ‘டேக்’ வரிசையை எடுக்கப் போகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படித் தப்பு போடப்பட்ட சரியான பதில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.